உப்பளத்துத் துரைசாணியின் டியூலிப் பூக்கள்

சென்ற மாதம் விவசாய இலாகாவின் கமத்தொழில் கந்தோரிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். இருவர் வயதையும் கூட்டினாலும் என் வயதுக்கு ஐந்து குறையும். ஒரு சுவர்க் கலண்டரை விரித்து, இளஞ்சிவப்பு நிறத்தில் வரிசையாக நின்ற பூக்களைக் காட்டி, "ஐயா, இது முந்தி எங்கட புத்தளத்திலயும் பூத்ததெண்டு சொல்றாங்க. உண்மையோ?" என்று கேட்டார்கள்.

உண்மைதான். ஆனால் அது எப்படிப் பூத்தது, எவ்வளவு நேரம் நின்றது என்பதைச் சொல்லாமல் வெறுமனே ஓம் என்றால் அது பாதிப் பொய். நான் சொல்லத் தொடங்கி மூன்று நிமிடம் ஆகியிருக்காது, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். மற்றவர், "இப்ப குளிர்ப்பெட்டி இருக்குத்தானே ஐயா, லேசான வேலை" என்றார். தேநீரைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆகவே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் இடையில் எழுந்து போகமாட்டார்கள். போனாலும் எனக்குத் தெரியாது.

நான் கண்டக்குழியில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து தரம் வள்ளத்தில் போய் ஐந்து தரமும் வாந்தி எடுத்தேன். மிசன் பள்ளியில் எட்டாம் வகுப்பு முடித்தபின் பாதிரியார் ஒருவர் கடிதம் கொடுத்து மலைநாட்டில் அரசாங்கப் பூந்தோட்டம் ஒன்றுக்கு அனுப்பினார். அங்கே இரண்டு வருடம் ஒட்டுக்கட்டவும் பதியம் வைக்கவும் பழகினேன். அதற்குப் பிறகு முப்பத்தாறு வருடச் சேவை, நான்கு பங்களாக்கள், ஏழு மேலதிகாரிகள். அந்த ஏழு பேரில் நான் இன்றும் நினைப்பது முதலாமவரை. அது வெள்ளைக்காரன் காலம், இரண்டாம் உலகச் சண்டைக்கு முந்திய வருடங்கள். களப்பு என்கிற உப்புநீர் ஏரியின் ஓரம் இருந்த உப்பளத்து மேலதிகாரியின் பங்களாவில் ஒன்பது வருடம் தோட்டக்காரனாக இருந்தேன். துரை உப்பைப் பார்த்தார். தோட்டத்தையும் என்னையும் பார்த்தவர் துரைசாணியம்மா.

அம்மா தமிழ் படித்தது யாழ்ப்பாணத்து வாத்தியார் ஒருவரிடம், வேதப் புத்தகத்தை வைத்து. அதனால் அவர் பேசினால் கோயிலில் வாசகம் வாசிப்பது போல இருக்கும். முதல் நாளே குரோட்டன் செடி ஒன்றின் முன் என்னை நிறுத்தி, "சவிரிமுத்துவே, இச்செடியில் எத்தனை இலைகள் உண்டு? எண்ணி விடை பகரும்" என்றார். எண்ணிச் சொன்னேன். அவரும் எண்ணினார். ஒன்று வித்தியாசப்பட்டது. மறுபடி இருவரும் எண்ணினோம். பிழை அவருடையது. அன்று மாலையே என்னைத் தலைமைத் தோட்டக்காரனாக வைத்துக்கொண்டார். எண்ணும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. அதற்காக வீட்டில் அடி வாங்கியிருக்கிறேன். அதற்காக வேலை கிடைத்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. தோட்டத்துக்கென்று தடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தார். இடப்பக்கம் அன்று செய்த வேலை, வலப்பக்கம் பிழை. பிழை செய்தவர் தம் கையாலேயே எழுதிக் கையொப்பம் இடவேண்டும். ஏதாவது கெட்டுப்போனால் ஏச மாட்டார். பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டுவார். "எழுதும்" என்பார். அவ்வளவுதான். ஏச்சு வாங்கிய மற்ற இடங்களில் நான் மறுநாளே மறந்துவிடுவேன். இங்கே எழுதியதை மறக்க முடிவதில்லை. ஒன்பது வருடத்தில் அந்த வலப்பக்கத்தில் இருபத்தொன்பது பிழைகள் ஏறின. அதில் பதினைந்து அவருடையவை.

ஒன்பதாம் வருடம் துரைக்குச் சேவை முடிந்தது. பெப்ரவரியில் கப்பல் ஏறுவது என்று தீர்மானமாகியிருந்தது. அதற்கு முந்திய செப்ரெம்பரில் அம்மாவின் தங்கை சீமையிலிருந்து மரப்பெட்டி ஒன்று அனுப்பினார். உள்ளே மரச்சீவலில் புதைத்து அறுபது கிழங்குகள், சின்ன வெங்காயத்தைவிடப் பெரிது, பம்பாய் வெங்காயத்தைவிடச் சிறிது. டியூலிப், இளஞ்சிவப்பு.

அம்மா ஒரு கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. "சவிரிமுத்துவே, பத்தொன்பது ஆண்டுகள் இக்கரையில் வாழ்ந்தேன். என் ஊரிலிருந்து எத்தனையோ விதைகளைக் கொணர்ந்தேன். யாவும் மடிந்தன. அங்கிருந்து வந்தவற்றுள் இங்கே உயிரோடிருப்பது நான் ஒருத்தியே. போகுமுன் ஒரு பூவாகிலும் இத்தோட்டத்தில் விரிந்து நிற்க நான் காண வேண்டும்."

அவர் எதையும் ஆசை என்று சொல்லி நான் கேட்டது அதுவே முதல் தடவை.

அந்தக் கிழங்கின் குணம் இது: மண்ணில் வைக்கும் முன்பு அது பதினைந்து கிழமை குளிரில் கிடக்க வேண்டும். பனிக்காலம் வந்து போய்விட்டது என்று அது நம்பினால்தான் பூவை வெளியே விடும். நம்பாவிட்டால் இலை மட்டும் வரும். புத்தளத்தில் எந்தப் பனிக்காலம்? ஆகவே ஐஸ். அப்போது ஐஸ் கொழும்பிலிருந்து கிழமைக்கு மூன்று தரம் கோச்சியில் வரும், மீனுக்காக. அதில் பங்களாவுக்கு ஒரு பங்கு பேசி எடுத்தோம். பதினைந்து கிழமை என்றால் நூற்றைந்து நாள். ஒக்டோபர் தொடக்கத்தில் பெட்டிக்குள் வைத்தால் கப்பல் பயணத்துக்கு மிச்சம் இருப்பது இருபத்தாறு நாள். அந்த இருபத்தாறு நாளில் முளைத்துப் பூக்க வேண்டும். ஒரு நாளும் தவறக்கூடாது.

தச்சனைக் கொண்டு இரட்டைச் சுவர்ப் பெட்டி இரண்டு செய்வித்தேன். சுவர்களுக்கிடையே உமி, உட்புறம் துத்தநாகத் தகடு. அடியில் ஐஸ், அதன்மேல் மரச்சட்டம், சட்டத்தின்மேல் துளையிட்ட தகரத்தட்டு. தட்டில் காய்ந்த மணல் பரப்பிக் கிழங்குகள், ஒன்றை ஒன்று தொடாமல். பெட்டிக்கு முப்பது. உருகிய தண்ணீர் வெளியேற அடியில் ஒரு குழாய். மூடியிலிருந்து நூலில் கட்டித் தொங்கவிட்ட வெப்பமானி பாரன்ஹைட் கணக்கில் நாற்பது பாகைக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. காலை ஆறு, பகல் பன்னிரண்டு, மாலை ஆறு, நாளுக்கு மூன்று தரம் பார்த்து எழுதினேன்.

ஐஸ் கொண்டுவந்து உடைத்து அடுக்குவது இஸ்மாயில் காக்காவின் வேலை. பங்களாவில் பியூனாக வரும் முன்பு பதினொரு வருடம் மீன் முதலாளி ஒருவரிடம் ஸ்டேசனில் மீன்பெட்டி கட்டியவர். அறுக்குளா மீனைக் கொழும்புக்குக் கெடாமல் அனுப்பத் தெரிந்தவர் என்று பெயர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் எனக்குக் காக்கா, அண்ணன். கிழங்குகளைக் கண்டதும், "தம்பி, மீனுக்குக் கட்டினன், எறாலுக்குக் கட்டினன், வெங்காயத்துக்குக் கட்டுற நாளும் வந்தீச்சு. முதலாளி கேட்டா என்ன செல்ற?" என்றார்.

"வெங்காயம் இல்லை காக்கா, பூ."

"பூ எங்க ஈக்குது? கண்ணுக்குத் தெரியலயே?"

வீட்டிலும் இதே கதைதான். எனக்குக் கலியாணமாகி அப்போது இரண்டு வருடம். மனைவி ரொசலின் ஒரு நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாளுக்கு மூணு தரம் அந்தப் பெட்டிக்குள்ள எட்டிப் பாக்கிறீங்க. என்ர முகத்தை ஒருதரம் பாத்தீங்களா? நெத்தியில கட்டி வந்து நாலு நாள்" என்றாள். பார்த்தேன். கட்டி இருந்தது.

டிசம்பரில் மழை பிடித்தது. ஆறு பெருகி ரயில் பாதையை அரித்துவிட்டது. கோச்சி இல்லை, கோச்சி இல்லாமல் ஐஸ் இல்லை. பெட்டியில் வைத்து அறுபத்திரண்டு நாளாகியிருந்தது. முதல் நாள் சமாளித்தோம். இரண்டாம் நாள் வெப்பமானி நாற்பத்தொன்பது காட்டியது. துரையும் அம்மாவும் வேலை விஷயமாகச் சிலாபம் போய் அங்கேயே வெள்ளத்தில் மாட்டிக்கொண்டார்கள். கேட்பதற்கு ஆள் இல்லை. இருந்த ஐஸைப் பார்த்துக்கொண்டு நானும் இஸ்மாயில் காக்காவும் நின்றோம்.

"தம்பி, உப்புப் போடுவம். மீன்பெட்டி தாமதமானா நாங்க அதைத்தான் செய்ற. உப்பு விழுந்தா ஐஸ் வீறு கொண்டு குளிரும். மீன் கல்லுப் போல கிடக்கும்."

என் தகப்பனாரும் அப்படிச் செய்வதை நான் பார்த்திருந்தேன். எனக்குச் சரியாகவே பட்டது. "போடுங்க காக்கா. ரெண்டு பெட்டிக்கும் போடுங்க" என்றேன்.

ஆனால் உப்பு எங்கே? சிரிப்பாகத்தான் இருக்கும்: பங்களாவின் பின்வாசலில் நின்று பார்த்தால் உப்புக் குவியல்கள் வெள்ளையாகத் தெரியும். நான் எண்ணியிருக்கிறேன், நாற்பத்து மூன்று. எல்லாம் அரசாங்க உப்பு, அதில் ஒரு சிரட்டை எடுத்தாலும் குற்றம். துரை தம் குசினிக்குக்கூடக் கடையில் வாங்கிய உப்பைத்தான் அனுமதிப்பார். குசினியில் இருந்த உப்பு ஒரு பெட்டிக்குத்தான் காணும். முதலாம் பெட்டிக்குப் போட்டோம். இரண்டாம் பெட்டிக்கு ஈரச்சாக்கைப் போர்த்தி, எஞ்சிய ஐஸை வைத்துவிட்டுக் கடவுளிடம் ஒப்படைத்தோம்.

மாலை ஆறு மணிக்கு முதலாம் பெட்டியைப் பார்த்தேன். இருபத்திரண்டு பாகை! சொன்ன அளவைவிட எவ்வளவு நன்றாகக் குளிர்ந்திருக்கிறது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டாம் பெட்டி ஐம்பத்தாறுக்கு ஏறி என்னை வேதனைப்படுத்தியது. அதைத் திறக்கவே வெட்கப்பட்டேன். முதலாம் பெட்டியைத் தேவையில்லாமல் நாலைந்து தரம் திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

ஆறாம் நாள் கோச்சி ஓடியது. புதிய ஐஸ் வைக்கும்போது முதலாம் பெட்டியிலிருந்து ஒரு கிழங்கை எடுத்தேன். உறைந்துபோய், தகரத்தட்டில் தட்டினால் கூழாங்கல் போல ஒலித்தது. அதை விறாந்தையில் வைத்தேன். அரைமணி நேரத்தில் அவித்த கிழங்கு போலத் தொய்ந்து, பழுப்புத் தண்ணீர் விட்டது. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. முப்பதும் போயிற்று. இஸ்மாயில் காக்கா ஒன்றை மணந்து பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அவர் பகிடி விடாமல் நின்ற நேரம் அது ஒன்றுதான்.

அன்று பின்னேரமே அம்மா திரும்பினார். விறாந்தைக் கதிரையில் அமர்ந்து தொப்பியைக் கழற்றுவதற்குள் நான் போய் நின்றேன். பின்னால் இஸ்மாயில் காக்கா.

"அம்மா, முப்பது கிழங்கு பழுதாப் போச்சு. உப்புப் போட்டது நான்."

"இல்ல நோனா, உப்புச் செல்லிக் குடுத்தது நான்."

"செய்யச் சொன்னது நான், காக்கா. நீங்க பேசாம நில்லுங்க."

"நீ பேசாம நில்லு தம்பி. பதினொரு வருசம் மீனுக்குப் போட்டவன் நான், நீயா?"

அம்மா கையை உயர்த்தினார். "இருவரும் வாயை அடக்குங்கள். வெப்பமானி எத்தனை காட்டிற்று?"

"இருபத்திரண்டு அம்மா."

"நான் விதித்தது?"

"நாற்பது முதல் நாற்பத்தைந்து."

"பின்னர் ஏன் மகிழ்ந்தீர்?" நான் மகிழ்ந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் நீட்டி நின்ற குறிப்பில் இருபத்திரண்டு என்பதன் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தேன்.

"குளிர் நல்லதெண்டா, கூடின குளிர் இன்னும் நல்லதெண்டு நினைச்சன் அம்மா."

அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கண்ணில் நீர் நின்றது; விழவில்லை. பிறகு புத்தகத்தை எடுத்து, பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். எழுதினேன். நான் எழுதியதன் கீழே அவரும் எழுதினார்: அளவுக்குக் கீழே போனால் என்ன நேரும் என்று நான் தோட்டக்காரருக்குச் சொல்லவில்லை, இது என் பிழை. கையொப்பம் இட்டுவிட்டு, "முப்பது எஞ்சியுள்ளன அல்லவா? இனி அவற்றை எண்ணுவோம்" என்றார்.

நான் பார்க்க வெட்கப்பட்ட இரண்டாம் பெட்டிதான் தப்பியது. துரை ஒரு சிரட்டை உப்புக்கும் இடம் கொடாத மனிதராக இருந்ததால் தப்பியது.

நூற்றைந்தாம் நாள் நட்டோம். களப்பு மணலைப் பெரிய தொட்டியில் கழுவினேன். ஒவ்வொரு தரமும் கழுவிய தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பு அறவே போக ஏழு தரம் பிடித்தது. அதற்கு மேலும் இரண்டு தரம் கழுவினேன், பயம். மணல் இரண்டு பங்கு, இலைமக்கு ஒரு பங்கு, அடியில் கரித்துண்டு. பதினைந்து மண்சாடி, சாடிக்கு இரண்டு கிழங்கு. வெயில் அதிகம் படாத வடக்கு விறாந்தையில் வரிசையாக வைத்து, முன்னால் ஈரச்சாக்குத் தொங்கவிட்டோம். ஐஸ் உருகிய தண்ணீரையே ஊற்றினோம். ரொசலின் வந்து பார்த்துவிட்டு, "பிள்ளைப்பெத்த வீடு மாதிரி அல்லவோ மறைச்சு வச்சிருக்கிறீங்க" என்றாள்.

முப்பதில் இருபத்தாறு முளைத்தன. நான்கு மண்ணுக்குள்ளேயே அழுகின. அந்த இருபத்தாறிலும் பதினைந்து, இலையை விரித்துவிட்டுச் சும்மா நின்றன. வெள்ளத்தில் ஏறிய ஐம்பத்தாறு பாகை அவற்றின் நம்பிக்கையைக் கெடுத்திருக்க வேண்டும். பதினொன்றில் மொட்டு வந்தது. தண்டு கட்டை, என் உள்ளங்கை உயரந்தான். காலையில் அம்மா வந்து ஒவ்வொரு மொட்டின் முன்னும் குனிந்து பார்ப்பார். பயணத்துக்கு ஒன்பது நாள் என்றபோது எல்லாம் பச்சை. ஐந்து நாள் என்றபோதும் பச்சை. பங்களாவில் பெட்டி கட்டுகிற சத்தம் கேட்கத் தொடங்கியது. மூன்று நாள் என்றபோது ஒரு மொட்டின் நுனியில் நகம் அளவு இளஞ்சிவப்பு. இஸ்மாயில் காக்கா ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தார். "பாருங்க, பாருங்க, வெங்காயத்துக்கு வெக்கம் வந்தீச்சு!"

பயணத்துக்கு முதல் நாள் பகலில் ஒன்று கவனித்தேன். ஓரத்துச் சாடியின் சாக்கு விலகி, வெயில் ஒரு கீற்றாக அந்த மொட்டில் விழுந்திருந்தது. மொட்டு நெகிழ்ந்து வாய் பிளக்கப் பார்த்தது. சாக்கைச் சரிசெய்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி இறுகிவிட்டது.

கடைசி நாள் காலை ஏழு மணி. பதினொரு மொட்டும் முழு இளஞ்சிவப்பாக நிறம் கொண்டிருந்தன. பதினொன்றும் பொத்திய கைபோல மூடியிருந்தன. எட்டரைக்குக் கார் புறப்பட வேண்டும். அம்மா பயண உடுப்பில் வந்து நின்றார். ஒவ்வொரு மொட்டின் முன்னும் குனிந்தார். பிறகு, "நிறம் கண்டேன். நாளை மறுநாள் விரியும். நீங்கள் காண்பீர்கள்" என்றார்.

ஐந்து மாதமாக நான் செய்த வேலை முழுவதும் சூட்டைத் தள்ளி வைப்பது. அதற்கு எதிரானதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. அந்தக் கிழங்கிலேயே ஒரு தரம் பிழை செய்தவன் வேறு.

"அம்மா, வெயிலில வைச்சாப் பூ இப்பவே விரியும். நேற்றுப் பாத்தன். ஆனா பொழுது படுமுன்னம் கொட்டிப்போம்."

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார். "வேண்டாம். நிழலில் இருந்தால் நான்கு நாள் நிற்கும். நீங்களும் உழைத்தீர்களே. நீங்கள் காண வேண்டாமா?"

இஸ்மாயில் காக்கா முன்னால் வந்தார். "நாங்க பாத்து என்ன செய்ற நோனா? எங்களுக்கு முருங்கைப் பூ ஈக்குது, பொரிச்சும் தின்னலாம். தூக்கு தம்பி!"

அம்மாவின் பதிலுக்கு நாங்கள் நிற்கவில்லை. ஒன்பது வருடத்தில் அவர் வேண்டாம் என்றதை மீறி நான் செய்தது அது ஒன்று. பூவுள்ள சாடிகள் எட்டு. இருவரும் மும்முரமாகத் தூக்கி முன்படிக்கட்டில் கிழக்கு வெயிலில் வரிசையாக வைத்தோம். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்: ஏழு இருபது. ஏழரைக்கு முதலாவது மொட்டு நெகிழ்ந்தது. ஏழே முக்காலுக்கு ஐந்து விரிந்தன. எட்டேகாலுக்குப் பதினொன்றும் கிண்ணம்போல அகலத் திறந்து நின்றன. வெளியே இளஞ்சிவப்பு, உள்ளே அடியில் வெள்ளை, நடுவில் கறுத்த மகரந்தம். பூவுக்கு ஆறு இதழ்.

அம்மா கடைசிப் படியில், பயண உடுப்போடு, வெறும் கல்லில் உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொரு பூவுக்குள்ளும் குனிந்து பார்த்தார். வேலைக்காரர் எல்லோரும் வந்து நின்றார்கள். உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் இரண்டு பேர், கடகத்தோடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்கள். இஸ்மாயில் காக்கா ஒரு பூவை மணந்துவிட்டு, "இவ்வளவு பாடுபட்டும் வாசம் ஒண்டும் இல்லையே நோனா!" என்றார். அம்மா வாய்விட்டுச் சிரித்தார். துரை காருக்குப் பக்கத்தில் நின்று மூன்று தரம் கடிகாரத்தைப் பார்த்தார். நான்காம் தரம் பார்க்காமல் அவரும் வந்து பார்த்தார்.

பிறகு அம்மா என்னிடம் கத்தரிக்கோல் கேட்டார். தோட்டத்தில் பூ வெட்டுவதை ஒருநாளும் பொறுக்காதவர், ஒன்றொன்றாக வெட்டி எங்கள் கையில் தந்தார். என்னையும் சேர்த்து வேலைக்காரர் ஒன்பது பேர். வாசலில் நின்ற பெண்களையும் உள்ளே கூப்பிட்டார். "வாருங்கள், அஞ்சாதேயுங்கள்" என்ற அந்தத் தமிழைக் கேட்டு அவர்கள் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். பதினொன்றும் முடிந்தது. என் மனம் கணக்குப் போட்டுவிட்டது.

"அம்மாவுக்கு ஒண்டும் மிஞ்சேல்லையே" என்றேன்.

"நான் கண்டேன்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

என் பங்கை ஈரத்துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரொசலின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மணந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கொண்டையில் செருகிக்கொண்டு மாலைச் செபத்துக்குப் போனாள். திரும்பி வந்தபோது கொண்டையில் இரண்டு இதழ்தான் இருந்தது.

"மிச்சம் எங்க?"

"வழியில கொட்டியிருக்கும். போகட்டும். கோயில்ல ஆறேழு பேர் வந்து கேட்டாங்க, என்ன பூவெண்டு."

"என்ன சொன்ன?"

"பேர் வாயில வரேல்ல. எங்கட ஆள் பூக்க வச்ச பூவெண்டு சொன்னன்" என்றாள்.